பழனியில் முருகனுக்கு முன்னால் இடும்பனை ஏன் கும்பிடுகிறார்கள்?

காவடி தூக்கிய முதல் ஆள் இடும்பன் என்ற அசுரன்தான், அதனால்தான் இந்த மரியாதை. அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து தெற்கே வந்தவன், பழனியில் களைத்து இறக்கி வைத்தான். திரும்பத் தூக்கப் பார்த்தால் ஒரு குன்று அசையவே இல்லை. மேலே கோவணத்தோடு ஒரு சிறுவன், “இது என் மலை” என்கிறான். சண்டையில் இடும்பன் மாண்டான். மனைவி இடும்பி அழுது வேண்ட, முருகன் அவனை உயிர்ப்பித்துக் காவலனாக்கினான். அசுரனை அழிக்காமல் வேலைக்கு வைத்துக்கொள்வது முருகனுக்குப் புதிதல்ல. சூரபத்மனும் மயிலும் சேவலுமாகத்தானே இருக்கிறான்!

படியேறும்போது பாதி வழியில் இடும்பன் சன்னதி வரும். பக்கத்தில் தனியாக நிற்கும் இடும்பன் மலைதான் அந்த இரண்டாவது குன்று. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து வருபவர்களின் காவடியிலும் அதே அமைப்புதான்: நடுவில் தண்டு, இருபுறமும் பாரம்.