போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர்: ஒரு ஆள் எத்தனை மெயில் அனுப்பலாம்? கேள்வி பதில்

கேள்வி: ஒருவருடைய பாஸ்வேர்ட் திருடுபோய், ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் ஸ்பேம் போய்விட்டது. 'கிளையன்ட் மெசேஜ் ரேட் லிமிட்' போட்டிருந்தோம், ஏன் தடுக்கவில்லை சார்?

பதில்: அந்த லிமிட் ஐபி முகவரியைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது. திருடியவன் நூறு ஐபியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால் ஒவ்வொன்றும் வரம்புக்குள்ளேயே இருக்கும். போதாக்குறைக்கு, 'மைநெட்வொர்க்ஸ்' (நம்பகமான ஐபிகள்) பட்டியலில் உள்ள முகவரிகளுக்கு, நீங்கள் மாற்றாதவரை, இந்த லிமிட்டே கிடையாது.

லாகின் பெயரை வைத்துத்தான் எண்ண வேண்டும். அதற்கு போஸ்ட்எஃப்டபிள்யூடி மாதிரி ஒரு பாலிசி சர்வரை (மெயிலை ஏற்கலாமா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டுக்கொள்ளும் தனி நிரல்) இணையுங்கள். 'ஒரு லாகினுக்கு 3600 விநாடியில் 100 பெறுநர், மீறினால் 450' (அதாவது தற்காலிக மறுப்பு) என்று ஒரே வரியில் ரூல் எழுதிவிடலாம். மெயிலை எண்ணாமல் பெறுநரை எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரே மெயிலில் 1000 பெறுநர் வரை போஸ்ட்ஃபிக்ஸ் ஏற்கும். பாலிசி சர்வர் இணைப்பை, மெயில் முழுவதும் வந்து முடியும் 'எண்ட் ஆஃப் டேட்டா' கட்டத்தில் கொடுங்கள். பெறுநர்களை ஒவ்வொருவராகச் சொல்லும் 'ஆர்சிபிடி' கட்டத்தில் கொடுத்தால் பெறுநர் எண்ணிக்கை பூஜ்யமாகத்தான் வரும். ரூல் இருந்தும் பயனில்லை.

கேள்வி: 450 எதற்கு? 550 கொடுத்து ஒரேயடியாக மறுத்தால் என்ன?

பதில்: சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள் மாதக் கடைசியில் வரம்பைத் தாண்டும். அதில் கியூ (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) வசதி உள்ளது என்றால், 450 வந்ததும் வைத்திருந்து மறுபடி அனுப்பும். 550 வந்தால் அந்த மெயில் அத்தோடு போயிற்று. அப்படிப்பட்ட லாகினுக்குத் தனி வரம்பு வைப்பதே நல்லது. எவ்வளவு என்பதை உங்கள் பழைய லாகைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வெப்சைட்டின் தொடர்புப் படிவம் வழியாகப் போகும் ஸ்பேமை எந்த ரூலும் பிடிக்கவில்லையே?

பதில்: பிஎச்பியின் மெயில் ஃபங்ஷன் சென்ட்மெயில் கட்டளை வழியாக நேரே கியூவுக்குப் போகிறது, உங்கள் எஸ்எம்டிபி ரூல்களை அது தொடுவதே இல்லை. அந்தக் கட்டளையால் யார் அனுப்பலாம் என்று சொல்லும் 'ஆத்தரைஸ்ட் சப்மிட் யூசர்ஸ்' அமைப்பில் வெப் சர்வரின் யூசரை விலக்குங்கள். அப்புறம் வெப்சைட்டுக்கென்று ஒரு லாகின் கொடுத்து 587 போர்ட் (லாகின் செய்து மெயில் அனுப்பும் வழி) வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: பயிற்சிக்கு வந்தவர்கள் அலுவலகத்துக்குள் மட்டும் அனுப்பும்படி 'ரெஸ்ட்ரிக்‌ஷன் கிளாஸ்' (பெயரிட்ட ரூல் தொகுப்பு) எழுதினேன். வெளியேயும் போகிறது.

பதில்: வரிசையைப் பாருங்கள். 'பெர்மிட் சாஸ்ல் ஆத்தென்டிகேட்டட்' முன்னால் இருந்தால், லாகின் செய்தவரை அங்கேயே அனுமதித்துவிடும். கீழே உள்ளதைப் படிக்கவே படிக்காது. உங்கள் ரூலை அதற்கு மேலே ஏற்றுங்கள். அனுப்புநர் முகவரியை மாற்றித் தப்பிக்காமல் இருக்க 'ரிஜெக்ட் சென்டர் லாகின் மிஸ்மேட்ச்' சேர்த்து, எந்த லாகினுக்கு எந்த முகவரி என்ற பட்டியலையும் கொடுங்கள். ஹேஷ் வகைப் பட்டியல் என்றால், ஒவ்வொரு முறை திருத்தியதும் அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். ஓட்டாவிட்டால் பழைய பட்டியலே நடப்பில் இருக்கும்.