எல்லைக்கோட்டின் இரண்டு பக்கம்

அன்புள்ள ஐயா,

என் தம்பி அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய புறநகரான குரோஸ் பாயிண்ட் பார்க்கில் இருக்கிறான். ஆல்டர் சாலைக்கு இந்தப் பக்கம் மாளிகைகள், அந்தப் பக்கம் ஆளில்லாத மனைகள் என்கிறான். அடுத்தடுத்த தெரு எப்படி இப்படி ஆனது? நானும் ராமநாதபுரம் நகராட்சி எல்லையைத் தாண்டி ஊராட்சியில்தான் வீடு கட்டியிருக்கிறேன். நகராட்சியோடு சேர்த்தால் வரி ஏறும் என்று எங்கள் தெருவே பயப்படுகிறது. நாங்கள் செய்வதும் அதுதானா?

ஒரு வாசகர், ராமநாதபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த எல்லைக்கோட்டைக் காவல் காத்தவர்கள் உண்டு. குரோஸ் பாயிண்டில் வீடு வாங்க வருபவருக்குத் தரகர்கள் துப்பறிவாளர் வைத்து மதிப்பெண் போட்டது 1960-ல் அம்பலமானது. தேர்ச்சி பெறப் பெரும்பாலோருக்கு 50 போதும். போலந்துக்காரருக்கு 55, யூதருக்கு 85. கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் தேர்வே கிடையாது. உங்கள் தம்பி அன்று போயிருந்தால் வாசலோடு சரி.

டெட்ராய்ட் நகரம் திவாலான கணக்கு வேறு. 1950-ல் 18.5 லட்சம் பேர், 2020-ல் 6.39 லட்சம். ஆள் போனார்கள், குழாயின் நீளம் குறையவில்லை, பழைய ஊழியர்களின் ஓய்வூதியமும் குறையவில்லை. மிச்சமிருப்பவர் தலையில் வரி ஏறும், தாங்க முடிந்தவர் கோட்டைத் தாண்டுவார், மறுபடி ஏறும். பள்ளிகளைப் புறநகரோடு இணைக்கும் திட்டத்தை 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று தள்ளியதும், பிள்ளைகளுக்காகத் தாண்டுவது இன்னும் சுலபமானது. 2013 ஜூலையில் திவால் மனு. கடன் சுமார் 1,800 கோடி டாலர்.

தாண்டியவர் நகரத்துக்குள் வேலை பார்த்தால் 1.2 சதவீத வருமான வரி கட்டவேண்டும். உள்ளே வசிப்பவருக்கு 2.4. தண்ணீரில் மட்டும் கோடு எடுபடவில்லை: புறநகர்கள் பலவற்றுக்கும் டெட்ராய்ட் குழாய்தான். 2016 முதல் அதைக் கூட்டு ஆணையம் நடத்துகிறது. 40 வருடக் குத்தகை, ஆணையம் நகரத்துக்குத் தருவது ஆண்டுக்கு 5 கோடி டாலர். நகரத்தின் உள்குழாய்களைச் சீர்செய்ய அந்தப் பணம்.

உங்கள் தெருவுக்கு வருகிறேன். நம் தொழில் வரியும் வேலை பார்க்கும் இடத்து உள்ளாட்சிக்குத்தான் போகிறது. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 276-வது பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று வரம்பு கட்டிவிட்டது. எவ்வளவு பெரிய சம்பளக்காரரும் அதற்குமேல் தரமாட்டார். காவிரி கூட்டுக் குடிநீரில் நகராட்சியும் ஊராட்சியும் ஒரே கடைமடை, அங்கே யாரும் யாருக்கும் பாரமில்லை.

கழிவுநீரில்தான் வம்பு. நம் மணல் தரையில், அடியில் பூசாத தொட்டி கசிந்து பக்கத்துக் கிணற்றில் சேரும். பூசிய தொட்டி நிரம்பும், லாரி வரும். அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று ஒருமுறை கேளுங்கள். தனித்தனி வீடு சமாளிக்கிற காரியமல்ல இது, பாதாளச் சாக்கடை வேண்டும். அதற்கு நகராட்சி வரியில் பங்கு கேட்டால் எனக்கு அது அநியாயமாகப் படவில்லை. கேட்கவேண்டியது, இணைத்து எத்தனை மாதத்தில் குழாய் வரும், அதுவரை வரி எந்த வீதம் என்பதை. எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் ஊராட்சியிலேயே இன்னொரு பயம் இருக்கிறது. 100 நாள் வேலை என்று நாம் சொல்லிவந்த ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிக்கு மட்டும்தான், நகராட்சியானால் போய்விடும். கூலிக்குப் போகிறவர்களின் அந்த எதிர்ப்பில் முழு நியாயம் இருக்கிறது. கிராமசபையில் அதைத் தனித் தீர்மானமாகப் போடுங்கள். அவர்களை முன்னால் நிறுத்தி உங்கள் வீட்டு வரியைக் காப்பாற்றாதீர்கள்.