சுவிஸில் பெற்றோல் அடித்தால் பாங்கொக்கில் பஸ் ஓடுமா?

கேள்வி: சுவிஸில் நாங்கள் பெற்றோலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி பாங்கொக்கின் மின்சார பஸ்களுக்குப் போகிறதாமே? உண்மையா? அதனால் பயன் உண்டா?

ஓம், உண்மைதான். நான் பேர்ணில் இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். போன வருட விடுமுறையில் பாங்கொக் போய் அந்த பஸ்ஸிலும் ஏறிப் பார்த்துவிட்டேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் காசு. இங்கே எரிபொருள் இறக்குமதி செய்பவர்கள், அதை எரிப்பதால் வரும் காபனில் ஒரு பங்கை வேறெங்காவது குறைத்துக் காட்டவேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவை எங்கள் தலையில்தான் போடுகிறார்கள், லீற்றருக்கு அதிகபட்சம் 5 ராப்பன் (நூறு ராப்பன் ஒரு பிராங்க்). நான் வருடத்துக்கு 1,000 லீற்றர் அடிக்கிறேன், ஆக 50 பிராங்குக்கு மேல் போகாது. பல வருடம் இதைக் கவனிக்கவே இல்லை. இறக்குமதியாளர்கள் சார்பில் 'கிளிக்' என்ற அறக்கட்டளை, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள திட்டங்களிடமிருந்து 'குறைத்த தொன்'களை, அதாவது அங்கே குறைத்த காபனின் கணக்கை, வாங்குகிறது. பாங்கொக் பஸ் அதில் ஒன்று.

இனி பஸ். பாங்கொக்கின் பழைய சிவப்பு பஸ் தெரியுமா? ஏசி இல்லை, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், கீழே மரப்பலகை, நடத்துனர் நீளத் தகர டப்பாவைக் 'கிளிக் கிளிக்' என்று தட்டிக்கொண்டு வருவார். எனக்கு அது பிடிக்கும், ஆனால் வெயிலில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் முன்னால் போகும் வண்டியின் புகையெல்லாம் எங்கள் மூக்கில்தான். புது நீல மின்சார பஸ் குளிர்ச்சி, சத்தம் இல்லை, பின்னால் நிற்பவர் மூக்கைப் பொத்தத் தேவையில்லை. அந்த ஊர்க்காரருக்கு அது நல்ல விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. அதே தூரம் டீசல் பஸ் ஓடியிருந்தால் எவ்வளவு காபன் வந்திருக்கும் என்று பார்த்து, மின்சார பஸ்ஸுக்கான மின்சாரத்தை உண்டாக்கும்போது வரும் காபனை அதிலிருந்து கழிக்கிறார்கள். தாய்லாந்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை வாயுவை எரித்து வருவதால் இப்படிக் கழிக்கும் அளவு சின்னதில்லை. மிஞ்சுவதை சுவிஸ் வாங்கினால், தாய்லாந்து அதைத் தன் சாதனையாகக் காட்டக்கூடாது. விற்ற மாட்டில் பால் கறக்கக்கூடாது என்பது மாதிரி. காலநிலை பற்றிய பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு சொல்வது இதைத்தான்.

2022இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 2023 கடைசியில் முதல் தொகுதி கைமாறியது, 1,916 தொன். அந்தப் பிரிவின்கீழ் உலகிலேயே முதல் தடவை என்று பெரிதாகப் பேசினார்கள். சரி, ஒரு லீற்றர் பெற்றோல் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டைத் தரும் என்று வைத்துப் பாருங்கள். என்னைப்போல் 830 பேர் ஒரு வருடம் ஓட்டினால் அந்த 1,916 தொன் முடிந்தது. சுவிஸில் இருப்பதோ நாலரை மில்லியனுக்கும் மேற்பட்ட கார்கள்!

அப்புறம் இன்னொன்று. இந்தக் காசு வராவிட்டாலும் அந்த பஸ்கள் வந்திருக்குமா? அலியன்ஸ் சூட் (சுவிஸ் உதவி நிறுவனங்களின் கூட்டமைப்பு) போன்ற அமைப்புகள் இங்கே கேட்டது இதைத்தான். எப்படியும் வந்திருக்கும் என்றால், பாங்கொக்கில் புதிதாக எதுவும் குறையவில்லை, ஆனால் எங்கள் புகைக்கு மட்டும் அனுமதிச் சீட்டுக் கிடைத்துவிடும். அந்த பஸ்களை ஓட்டுவது ஒரு தனியார் கம்பனி; அது எதை நினைத்து அவற்றை வாங்கியது என்பதை வெளியிலிருந்து எப்படி நிரூபிப்பது? எனவே என் பதில்: பஸ்ஸுக்குப் பயன் உண்டு, அதற்குக் காசு போவதிலும் எனக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் என் கார் விட்ட புகையை அந்த பஸ் அழித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூனில் இங்கே காபன் சட்டத்தை இறுக்க வாக்கெடுப்பு வந்தது. அந்த 5 ராப்பன் 12 வரை ஏறலாம் என்றார்கள். 51.6 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள், அதில் என் வாக்கும் ஒன்று. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் செலவுதான் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு இன்னமும் காரில்தான் போகிறோம். டிராம் இருக்கிறது, ஆனால் பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும்.