லாக் என்பது மரக்கட்டை, மடக்கை அல்ல

கேள்வி: கப்பலில் லாக் புக், கணினியில் லாகின் என்கிறார்களே, கணக்குப் பாடத்தில் வரும் லாக்தான் இதற்கெல்லாம் மூலம் என்கிறார் என் நண்பர். சரியா? ‘மணிக்கு 20 நாட் வேகம்’ என்கிறார்களே, அந்த நாட் எங்கிருந்து வந்தது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது தவறு. கணக்கில் வரும் லாக், ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்ட மடக்கையின் ஆங்கிலப் பெயரான ‘லாகரிதம்’ என்பதன் சுருக்கம். இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. மாலுமியின் லாக் வெறும் மரக்கட்டை.

நடுக்கடலில் வேகத்தைக் கணிக்கக் கரையும் தெரியாது, மலையும் தெரியாது. அதனால் கயிற்றில் கட்டிய கட்டையைக் கப்பலின் பின்பக்கமாகத் தண்ணீரில் போட்டார்கள். 1574இல் வில்லியம் போர்ன் மாலுமிகளுக்காக எழுதிய நூலிலேயே இந்த முறை இருக்கிறது. நாளடைவில் கட்டை, கால்வட்டப் பலகை ஆயிற்று. வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்திருப்பதால் அது தண்ணீரில் செங்குத்தாக நின்று, கிட்டத்தட்ட போட்ட இடத்திலேயே கிடக்கும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் 28 விநாடி மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடிக்க, இன்னொருவர் கையைவிட்டு ஓடுகிற கயிற்றில் எத்தனை முடிச்சு போயிற்று என்று எண்ணுவார். அந்த முடிச்சுதான் நாட். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். ஏன் இந்த விசித்திர அளவு? ஒரு மணி நேரத்தில் 28 விநாடி எத்தனை பங்கோ, ஒரு கடல் மைலில், அதாவது 1,852 மீட்டரில், இந்த நீளமும் அத்தனை பங்கு. ஐந்து முடிச்சு ஓடினால் மணிக்கு ஐந்து கடல் மைல். பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். இதை யோசித்தவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

எண்ணியதைக் குறித்துவைத்த புத்தகம் லாக் புக். அப்புறம் அந்தப் பேர் விமானத்துக்கும் கணினிக்கும் போயிற்று. லாகின் வந்தது இந்த வழியாகத்தான். 1997இல் இணையக் குறிப்பேட்டுக்கு ‘வெப்லாக்’ என்ற பேர் பிறந்து, 1999இல் ‘பிளாக்’ என்று சுருங்கியதும் இதே வம்சம்.

சரி, ‘மணிக்கு 20 நாட்’ விஷயம். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல்; முன்னால் இன்னொரு ‘மணிக்கு’ போடுவது பிழை, செய்தி எழுதுகிறவர்கள் இதைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். காற்று 34 நாட்டைத் தொட்டால் இந்திய வானிலைத் துறை அதைப் புயல் என்கிறது. நம் வாசகர்களுக்கு அதை மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர் என்று எழுதினாலே போதும்.