ஒரே கோளம், இரு கட்டடம்

கேள்வி: இரண்டு கட்டடங்களை ஒப்பிடச் சொன்னால் என் கட்டுரை இரண்டு தனித்தனி வர்ணனைகளாகவே போய்விடுகிறது. எங்கே தவறு?

பதில்: ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் தவறு. ஒரே கேள்வியை இரண்டிடமும் கேளுங்கள். ரோமில் உள்ள பழங்காலக் கோயிலான பாந்தியனையும் ஆஸ்திரேலியாவின் இசை, நாடக அரங்கமான சிட்னி ஓபரா ஹவுஸையும் எடுத்துக்கொள்வோம். பார்வைக்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் வடிவம் இரண்டிலும் கோளம்தான்! பாந்தியனின் உள்விட்டமும் உயரமும் ஒரே அளவு, சுமார் 43.3 மீட்டர்; அதாவது உள்ளே ஒரு முழுக் கோளம் பொருந்தும். சிட்னியின் கூரை ஓடுகளோ (சிப்பி போல் வளைந்த பெரிய கூரைப் பகுதிகள்) சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகள். வளைவு ஒன்றே என்பதால் அவற்றைத் தாங்கும் விலா எலும்பு போன்ற கான்கிரீட் வளைவுகளை (விலாக்களை) மீண்டும் மீண்டும் அதே அச்சில் வார்க்க முடிந்தது.

அடுத்து, பாரம் எப்படி இறங்குகிறது? இங்கேதான் அதிகம் எழுத வேண்டும். பாந்தியனின் குவிமாடத்துக் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பியே இல்லை. அது வெளிப்பக்கம் தள்ளும். அதைத் தாங்கத்தான் சுமார் 6 மீட்டர் தடிமனில் சுவர். மேலே போகப்போகக் கான்கிரீட் மெலிகிறது, உச்சியில் இலேசான நுரைக்கல் கலந்திருக்கிறார்கள். சிட்னியிலோ முன்கூட்டியே வார்த்த விலாக்களை எஃகு வடங்கள் இறுக்கிப் பிடிக்கின்றன.

பயன்பாட்டைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: பாந்தியனில் கூரையே அறை, சிட்னியில் அரங்குகள் ஓடுகளுக்குள் தனிக் கட்டுமானம்.

சூழலை மறந்துவிடாதீர்கள். சிட்னிக் கட்டடம் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த முனையில் இருக்கிறது; அருகிலுள்ள துறைமுகப் பாலத்திலிருந்தும் தெரிவதால் கூரையே அதன் முகப்பு. பாந்தியனில் சதுக்கத்திலிருந்து பார்த்தால் தூண் மண்டபம் குவிமாடத்தை மறைத்துவிடும். உள்ளே நுழைந்த பிறகே கோளம் புரியும்.