கடல் கடந்து வரும் தெருநாய்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வரும் கேள்விகளில், ருமேனியா, சைப்ரஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளின் தெருக்களிலிருந்து மீட்கப்பட்ட நாய்களைப் பற்றியவை இப்போது மிகுந்துவிட்டன. ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து வந்திருப்பதால், சிலவற்றை இணைத்தும் சுருக்கியும் இங்கே தருகிறேன்.

ருமேனியக் காப்பகத்தில் இருக்கும் ஒரு நாயின் படத்தைச் சமூக ஊடகத்தில் பார்த்தோம். இரண்டு நாளுக்குள் யாரும் முன்வராவிட்டால் கொன்றுவிடுவார்கள் என்று எழுதியிருந்தது. எங்களுக்கு நான்கு வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நேரில் பார்க்காமலே எடுத்துக்கொள்ளலாமா? (லெஸ்டர் வாசகி)

அந்த மிரட்டல் முழுப் பொய்யன்று. 2013 செப்டம்பரில் புக்கரெஸ்டில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தெருநாய்கள் கடித்து இறந்ததும், பிடிபட்டு 14 வேலைநாட்களுக்குள் யாரும் கேட்டு வராத நாய்களைப் பொதுக் காப்பகங்கள் கொல்லலாம் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் அதே மாதத்தில் சட்டம் இயற்றியது. ஆனால் பிரித்தானியக் குடும்பங்களுக்காக விளம்பரப்படுத்தப்படும் நாய்களில் பலவற்றைத் தனியார் அமைப்புகள் ஏற்கெனவே வெளியே எடுத்துத் தங்கள் இடத்தில் வைத்திருக்கின்றன. ஆகவே, நாய் இன்று எங்கே இருக்கிறது, பொதுக் காப்பகத்திலா தனியார் இடத்திலா என்பதை முதலில் கேளுங்கள். தனியார் இடத்தில்தான் இருக்கிறது என்றால், அந்த இரண்டு நாள் கெடு உங்களை அவசரப்படுத்துவதற்காக எழுதப்பட்டது.

படம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு: அந்த நாய் எப்படி வளர்ந்தது என்பது. வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட நாய், கிராமத்தில் கடைவாசலிலும் பள்ளிவாசலிலும் மனிதரோடு புழங்கிய நாய், காப்பகத்தின் சிமெண்டுத் தரையிலேயே பிறந்து கம்பிக்கு வெளியே உலகம் இருப்பதை அறியாத நாய் என இவை மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை எதையெல்லாம் அச்சமின்றிப் பார்த்துப் பழகுகிறதோ, அதுவே பிற்காலத்தில் அதற்கு இயல்பாகத் தோன்றும். அந்த வாரங்களைக் கூண்டில் கழித்த நாய்க்குப் பிள்ளைகளின் ஓட்டமும் கூச்சலும் விளையாட்டாகத் தெரியாது. இதோடு, கார்பேத்திய மலைப்பகுதி மேய்ப்பு நாய்களின் கலப்பு பல ருமேனிய நாய்களில் உண்டு. ஓநாயிடமிருந்தும் கரடியிடமிருந்தும் மந்தையைக் காக்கவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இனம், ஒரு வயதைக் கடந்ததும் உங்கள் வாசலையும் தபால்காரரையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

அறிமுகமில்லாத ஒருவர் கூண்டுக்குள் நுழையும்போதும், கயிற்றில் நடக்கும்போதும், உணவுத் தட்டருகே ஆள் வரும்போதும் நாய் என்ன செய்கிறது என்பதைக் காணொளியாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவர்களிடமிருந்து நாய் வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருப்பதால் என் பதில் இன்னும் கண்டிப்பானது: ஏற்கெனவே பிரித்தானியாவுக்கு வந்து, தற்காலிகப் பராமரிப்பு வீடு ஒன்றில் சில வாரங்கள் தங்கியிருக்கும் நாயாகப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இருமுறையாவது போய்ப் பழகிப் பாருங்கள்.

நாயோடு என்னென்ன தாள்கள் வர வேண்டும்?

முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு), அதற்குப் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி என்ற வரிசை மாறக்கூடாது. பன்னிரண்டு வாரம் நிரம்பிய பிறகே அந்த ஊசியைப் போடலாம். போட்ட பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், பதினைந்து வாரத்துக்குக் குறைந்த குட்டி சட்டப்படி இங்கே வந்து சேர முடியாது. எல்லைக்குள் நுழைவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தை மருத்துவர் கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். புதிய உரிமையாளரிடம் ஒப்படைப்பதற்காகக் கொண்டுவரப்படும் நாய், இலாப நோக்கில்லாத அமைப்பு கொண்டுவந்தாலும், வணிக இறக்குமதியாகவே கொள்ளப்படும் என்பதால் அரசு மருத்துவரின் உடல்நலச் சான்றிதழும் தேவை. "உங்கள் செல்லப்பிராணி என்று காட்டி அனுப்பிவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த ஏற்பாட்டுக்கு உடன்படாதீர்கள்.

தாளில் உள்ள வயதை நாயின் வாயோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஐந்து மாதம் என்று எழுதியிருந்த ஒரு குட்டிக்கு முன்பற்கள் அத்தனையும் பால்பற்களாகவே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் தடுப்பூசிப் பதிவை அதன் பிறகு எப்படி நம்புவது?

நாய் வந்து சேர்ந்ததும் பலர் மறந்துபோவது மைக்ரோசிப் எண்ணைப் பிரித்தானியத் தரவுத்தளம் ஒன்றில் உங்கள் பெயரில் பதிவதை. ருமேனியாவில் மட்டும் பதிவாகியிருக்கும் எண், நாய் இங்கே தொலைந்துபோகும் நாளில் உங்களுக்கு உதவாது.

ருமேனிய நாய்க்குப் பல் சுத்தம் செய்யப் போனபோது, புரூசெல்லா சோதனை முடிவு இல்லாமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். நாய் நன்றாகத்தான் ஓடியாடுகிறது. இது பணம் பறிக்கும் வேலையா? (கோவென்ட்ரி வாசகர்)

இல்லை. நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

புரூசெல்லா கேனிஸ் என்னும் பாக்டீரியா 2020 கோடைக்குப் பிறகு பிரித்தானியாவில் அதிகமாகக் கண்டறியப்பட்டு வருகிறது. அந்த நாய்களில் பெரும்பாலானவை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாக ருமேனியாவிலிருந்து வந்தவை அல்லது அப்படி வந்த நாய்களோடு சேர்ந்தவை. கருச்சிதைவு, விதைப்பை வீக்கம், முதுகெலும்பு வட்டில் ஏற்படும் வலி ஆகியவை இதன் அறிகுறிகள் என்றாலும், எந்த அறிகுறியும் காட்டாமல் கிருமியைச் சுமக்கும் நாய்களும் பல. உயிரணுக்களுக்குள் ஒளிந்து வாழும் கிருமி என்பதால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அதை அடக்குமே தவிர முழுவதுமாக அகற்றிவிட்டது என்று யாரும் உறுதி கூற இயலாது.

மனிதருக்குப் பரவுவது அரிது. ஆனாலும் பரவும். பிரித்தானியாவில் நாயிடமிருந்து ஒருவருக்கு இது தொற்றியதாக முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டவர், பெலாரஸிலிருந்து வந்த சினை நாயைத் தற்காலிகமாகப் பராமரித்த ஒரு பெண். அந்த நாய்க்கு அவர் வீட்டிலேயே கருச்சிதைவு ஏற்பட்டது. கிருமி மிகுதியாக வெளிப்படுவது பிரசவ நீரிலும் இனப்பெருக்கக் கசிவுகளிலும்தான்; சிறுநீரிலும் இரத்தத்திலும் அது இருக்கலாம். பல்லிலிருந்து இரத்தம் தெறிக்கும் மேசையருகே நிற்கும் உதவியாளர் கருவுற்றிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மருத்துவமனையின் மறுப்பு உங்களுக்கும் விளங்கும்.

புறப்படும் முன் எடுத்த சோதனையில் தொற்று இல்லை என்று வந்திருந்தாலும் அது போதாது. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் உருவாக வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வந்து மூன்று மாதம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டும். தொற்று உண்டு என்று முடிவு வந்தால் நாயைக் கொன்றாக வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. ஆபத்தை அடியோடு நீக்கும் வழி கருணைக்கொலை மட்டுமே என்பதும் உண்மை. கருத்தடை அறுவையும் வாழ்நாள் எச்சரிக்கையும் சேர்ந்து ஆபத்தைக் குறைக்கும். எந்த வழியைத் தேர்வது என்பது உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிள்ளைகள் பெயர் வைத்து ஆறு மாதம் கொஞ்சிய பிறகு இந்தப் பேச்சைத் தொடங்குவது என் தொழிலில் நான் மிகவும் வெறுக்கும் வேலை. அதனால்தான், நாய் வேனில் ஏறும் முன்பே சோதனை முடிவை எழுத்தில் கேளுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

எங்கள் சைப்ரஸ் நாய்க்கு லீஷ்மேனியா இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

இந்த ஒட்டுண்ணி பெரும்பாலும் மணல் ஈ கடித்தே பரவுகிறது. பிரித்தானியாவில் மணல் ஈக்கள் நிலைத்து வாழவில்லை என்பதால், ஒரே வீட்டில் நாயோடு வாழ்வதால் பிள்ளைகளுக்குத் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. உங்கள் கவலை நாயைப் பற்றியதாக இருக்கட்டும். கண்ணைச் சுற்றி முடி உதிர்வது, தோல் செதில் செதிலாக வருவது, நகம் அளவுக்கு மீறி வளர்வது, மூக்கில் இரத்தம் வடிவது ஆகியவற்றைக் கவனியுங்கள். இறுதியில் பெரும்பாலும் சிறுநீரகமே பழுதாகும். மனிதருக்கு யூரிக் அமிலம் மிகுந்து வரும் மூட்டுவலிக்காகக் கொடுக்கப்படும் அல்லோபியூரினால் மாத்திரையைப் பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் உட்கொண்டு நன்றாக வாழ்கின்றன. தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் தலைகாட்டலாம் என்பதால், தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த நாய்க்கு முதல் சோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மறுபடியும் பார்ப்பது முறை.

தமிழ் வாசகர்களுக்கு ஓர் உபரிச் செய்தி: இதன் நெருங்கிய உறவான லீஷ்மேனியா டோனவனி என்னும் ஒட்டுண்ணியைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான சார்லஸ் டோனவன், 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணிபுரிந்தபோதுதான் அதைக் கண்டார்.

வந்து ஒன்பது நாளாகிறது. சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து வெளியே வர மறுக்கிறது. நாங்கள் எல்லோரும் தூங்கிய பிறகே சாப்பிடுகிறது. அடித்துக் கொடுமைப்படுத்தியிருப்பார்களோ? (ஹாரோ குடும்பத்தினர்)

இருக்கலாம்; ஆனால் பெரும்பாலும் அப்படியிருப்பதில்லை. மாடிப்படியையும் கண்ணாடிக் கதவையும் துணி துவைக்கும் இயந்திரம் சுழலும் ஓசையையும் வாழ்நாளில் முதன்முறையாகச் சந்திக்கும் விலங்கு வேறெப்படி நடந்துகொள்ளும்? இரண்டு மூன்று நாள் வேனில் குலுங்கி வந்த களைப்பும் அதனோடு சேர்ந்திருக்கிறது. நாம் அதைக் காப்பாற்றியிருக்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும், அதற்குத் தெரியாது. நாய் புது வீட்டில் படிப்படியாகப் பழக மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். நான் பார்த்த நாய்களில் அந்தக் கணக்குப்படி நடந்தவை குறைவு.

மேசைக்கு அடியிலேயே படுக்கையையும் தண்ணீரையும் வையுங்கள். குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், கையை நீட்டாதீர்கள், கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் அமர்ந்து, வேகவைத்த கோழித் துண்டை உங்களை நோக்கி வரச்செய்யும்படி போடாமல், நாயின் பின்புறமாக விழும்படி எறியுங்கள். உணவுக்காக உங்களை நெருங்க வேண்டிய நெருக்கடி இல்லை என்று தெரிந்தால்தான் அது தானாக நெருங்கும். ஒரு வீட்டில் நாய்க்குப் பயிற்சி கொடுக்க எல்லோரும் அரும்பாடு பட்டுக்கொண்டிருக்க, அதைக் கண்டுகொள்ளாமல் நாற்காலியில் அமர்ந்து தினமும் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த பாட்டியிடம்தான் அது முதலில் வந்தது. பதினாறாம் நாள், அவர் செருப்பின்மேல் மெல்ல முகவாயை வைத்துப் படுத்தது. அவர் படிப்பதை நிறுத்தவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி.

நாயைப் பார்க்க வருகிறோம் என்னும் உறவினர்களை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். முதல் வாரத்தில் குளிப்பாட்ட வேண்டாம். முழு நாளும் சிறுநீர் கழிக்காவிட்டாலோ இரண்டு நாளுக்கு மேல் இரவிலும் உண்ணாவிட்டாலோ மருத்துவரை அழையுங்கள். மூன்று நான்கு வாரம் கடந்தும் மாற்றம் தெரியாவிட்டால், அச்சத்தைத் தணிக்கும் மாத்திரையைப் பற்றிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வேனிலிருந்து இறக்கும்போது ஓடிவிடுமா?

ஓடும். தொலைந்துபோகும் நாய்களில் பல, வந்த முதல் சில நாட்களிலேயே தொலைகின்றன. வேன் கதவு திறப்பதற்கு முன் நாய்க்கு, இடுப்புக்கு முன்னால் மூன்றாவது வார் உள்ள ஹார்னஸ் (உடலைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை) மாட்டப்பட்டிருக்க வேண்டும். சாதாரண ஹார்னஸிலிருந்து பின்வாங்கி நழுவிவிடத் தெருநாய்க்கு ஒரு நொடி போதும். ஹார்னஸில் ஒரு கயிறு, கழுத்துப்பட்டையில் ஒரு கயிறு என இரண்டு கயிறு வேண்டும். பின்தோட்டத்துக்கு ஆறடி வேலி இருந்தாலும் முதல் சில வாரங்கள் கயிற்றோடுதான் விட வேண்டும். ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், கூட்டமாகத் தேடிப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கடைசியாகக் கண்ட இடத்தில் உணவையும் அது படுத்த துணியையும் வைத்துவிட்டு விலகுங்கள்.

வந்ததிலிருந்து விடாமல் தும்முகிறது. சளியா?

ருமேனிய நாயென்றால் நாக்குப்புழு என்று அழைக்கப்படும் லிங்குவாட்டுலா செர்ரேட்டாவையும் நினைவில் கொள்ளுங்கள். மூக்கறைக்குள் வாழும் இந்த ஒட்டுண்ணியின் பெண் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரலாம். காகிதக் கைக்குட்டையில் நெளிந்ததை ஒருவர் என்னிடம் பொட்டலமாகக் கொண்டுவந்தார். பதறாமல் நீங்களும் அப்படியே கொண்டு வாருங்கள்.

யாழ்ப்பாணம் போனபோது பருத்தித்துறையில் ஒரு தெருநாய்க்குட்டி எங்களோடு ஒட்டிக்கொண்டது. டொராண்டோவில் இருக்கும் என் அக்கா வளர்க்க விரும்புகிறார். அனுப்ப முடியுமா?

முடியாது. வெறிநோய் அபாயம் மிகுந்தவை என்று பட்டியலிட்ட நாடுகளிலிருந்து வணிக வகை நாய்களின் வருகையைக் கனடா 2022 செப்டம்பர் 28 முதல் தடைசெய்திருக்கிறது. தத்தெடுப்புக்காக வருவதும் அந்த வகையிலேயே சேரும். இலங்கையும் இந்தியாவும் அப்பட்டியலில் உள்ளன. 2021-இல் ஈரானிலிருந்து ஒன்டாரியோவுக்கு வந்த நாய் ஒன்றுக்கு வெறிநோய் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் அசர்பைஜானிலிருந்து சிகாகோவில் வந்திறங்கிய 33 மீட்பு நாய்களில் ஒன்றுக்கும், புதிய வீட்டுக்குப் போன பிறகு வெறிநோய் தெரியவந்தது. தடுப்பூசிச் சான்றிதழ் அதனிடம் இருந்தது. பிரித்தானியா தடைசெய்யவில்லை, ஆனால் ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டி, அதன் பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

குட்டி உங்கள் சொந்தச் செல்லப்பிராணி என்று பொய் சொல்லிக் கொண்டுபோக முயலாதீர்கள். பருத்தித்துறையிலேயே ஒரு வீட்டைப் பார்த்து, விமானக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஊசிக்கும் கருத்தடைக்கும் உணவுக்கும் கொடுத்தால், அந்தக் குட்டிக்குத் தெரிந்த வெயிலும் மணலும் மாறாமல் இருக்கும்.

நம் வீட்டுச் சாப்பாட்டைக் கொடுக்கலாமா?

வெறும் சோறும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் முதல் வாரத்து வயிற்றுப்போக்குக்கு நல்லவை. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு கூடாது. பாயசத்தில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஐந்து மாதம் முயன்றோம். இரண்டாவது முறையாக மகனைக் கடித்துவிட்டது. திருப்பிக் கொடுப்பது பாவமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

பாவமில்லை. இன்றே நாயும் மகனும் ஒரே அறையில் இல்லாதபடி கதவோ தடுப்போ போடுங்கள். அடுத்து, வலி காரணமாகக் கடிக்கிறதா என்று பரிசோதியுங்கள். இடுப்பு வலியையும் காது வலியையும் குணக்கேடு என்று எண்ணிக் கைவிட்ட கதைகள் உண்டு. பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் நாயைத் திரும்பப் பெறுவோம் என்று பல அமைப்புகள் எழுதிக் கொடுக்கின்றன. ஆனால் இந்நாட்டில் நாயை வைத்துக்கொள்ள ஒரு வீடோ கூடமோ இல்லாத அமைப்பு, "வேறு ஆள் கிடைக்கும் வரை நீங்களே வைத்திருங்கள்" என்றுதான் பதில் சொல்லும். உங்களுக்கும் அதுவே நேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருமுறை கடித்ததை மறைக்காமல் எழுதி, மருத்துவரின் குறிப்போடு உள்ளூர் விலங்குநல அறக்கட்டளைகளை அணுகுங்கள். கடித்த நாயை ஏற்கச் சிலர் மறுப்பார்கள். இணையத்தில் விளம்பரம் செய்து, பிள்ளைகள் உள்ள வேறொரு வீட்டுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.