அமெரிக்காவில் மாநிலக் கோதுமை ஆணையம் என்கிறார்களே, அதில் யார் இருப்பார்கள்? அங்கே வேலை எப்படி இருக்கும்?

வடமேற்கு மாநிலம் ஒன்றில் இப்படியோர் ஆணையத்தில் சில வருடம் வேலை பார்த்தேன். ஆணையராக இல்லை, சம்பளத்துக்கு இருந்த ஊழியன். ஆணையர்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் எதிர் நாற்காலியிலிருந்து பார்த்ததுதான்.

ஆணையம் என்றதும் நமக்கு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வாசலில் காரும்தான் நினைவுக்கு வரும். இங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பது விதைத்து அறுக்கிற ஆட்கள். ஐடஹோவில் ஐந்து பேர், ஐவரும் கோதுமை விவசாயிகள், ஆளுநர் நியமிப்பார். கன்சாஸில் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் படியும் பயணச் செலவும் உண்டு. அதனால் பெரிய கூட்டங்களைப் பனிக்காலத்தில் வைப்போம். அறுவடை நேரத்தில் கூப்பிட்டால் போனைக்கூட எடுக்க மாட்டார்கள்.

பணம் எங்கிருந்து? விவசாயி எலிவேட்டரில் (தானியக் கிடங்கைத்தான் அப்படிச் சொல்வார்கள்) கோதுமையை விற்கும்போதே ஒரு துளி பிடித்துவிடுவார்கள். அதற்கு செக்‌ஆஃப் என்று பெயர். கன்சாஸில் புஷலுக்கு 2 சென்ட். வாஷிங்டனில் விற்ற தொகையில் முக்கால் சதவீதம். ஒரு புஷல் 60 பவுண்ட், அதாவது சுமார் 27 கிலோ. கன்சாஸில் ஆயிரம் ஏக்கரில் ஏக்கருக்கு 40 புஷல் எடுப்பவருக்கு 800 டாலர் போகும். கன்சாஸில் வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு கடிதம் வரும் நாளில் ஆபீஸில் யாரும் ஜோக் அடிக்க மாட்டார்கள் என்று அங்கே வேலை பார்த்த நண்பர் சொல்வார்.

இந்தக் காசில் பல்கலைக்கழகங்களில் புது ரகம் உருவாக்கும் ஆராய்ச்சிக்குப் பாதி போகும், வெளிநாட்டுச் சந்தைக்கு மீதி போகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசியல்வாதிகளிடம் போய்ப் பேசுவது எங்கள் வேலை இல்லை, அதற்கு விவசாயிகள் சங்கம் தனியாக இருக்கிறது. ஆனால் அரசு அமைப்பு என்பதால் திறந்த கூட்டச் சட்டம் எங்களைக் கட்டும். ஐந்தில் மூன்று பேர் ஓரிடத்தில் கூடி ஆணைய விஷயம் பேசினால் அதுவே கூட்டம். முன்கூட்டி அறிவித்திருக்க வேண்டும். ஒரு முறை மதியச் சாப்பாட்டில் இரண்டு ஆணையர்கள் ஓர் ஆராய்ச்சி மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் தட்டோடு வந்தார், பேச்சைக் கேட்டார், ஒன்றும் சொல்லாமல் வேறு மேசைக்குப் போய்விட்டார். பாவம், அங்கே உரம் விற்கிற ஆள் ஒருவரிடம் மாட்டிக்கொண்டார்.

ஊழியர்கள் ஐந்தாறு பேர்தான். கணக்கு, ஆராய்ச்சி மனுக்கள், செய்தி மடல், வெளிநாட்டு மில்காரர்களைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போவது என்று எல்லோரும் எல்லாம் செய்வோம். எங்கள் பகுதியில் விளைவது சாஃப்ட் ஒயிட் என்கிற மென்மையான வெள்ளைக் கோதுமை. ஜப்பானில் ஸ்பாஞ்ச் கேக்குக்கு அதுதான். 1950களில் அமெரிக்க அரசுப் பணத்தில் ஒரிகன் விவசாயிகள் சங்கம் ஜப்பான் ஊர்களில் சமையல் பேருந்து விட்ட காலத்திலிருந்து வருகிற உறவு. ஆனாலும் 2013 மே மாதம் ஒரிகனில் ஒரு வயலில் அனுமதியில்லாத மரபணு மாற்றக் கோதுமை முளைத்திருக்கிறது என்று செய்தி வந்ததும் ஜப்பான் உடனே வாங்குவதை நிறுத்தியது. உறவாவது ஒன்றாவது!

எனக்கு மறக்காத வருடம் 2016. ஃபாலிங் நம்பர் என்று ஒரு சோதனை. 7 கிராம் மாவில் 25 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கொதிக்கும் நீரில் வைத்துக் கலக்கி, கம்பி கூழுக்குள் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 300 விநாடியாவது வேண்டும். முளை விட்ட மணியானால் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும், கூழ் நீர்த்துப்போகும், கம்பி சட்டென்று இறங்கிவிடும். அந்தக் கோதுமையில் கேக் எழும்பாது. அந்த வருடம் அறுவடை சமயத்து மழையோடு, மணி முற்றும்போது அடித்த திடீர் வெப்பமும் குளிரும் சேர்ந்துகொண்டன. முளையே தெரியாத மணியிலும் எண் விழுந்தது. 300க்குக் கீழே போகப் போக விலையில் பிடித்தம்.

விவசாயி ஒருவர் போன் பண்ணினார். "கையில வச்சுப் பார்க்கிறேன், கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரே வயல், காலையில ஒரு லாரிக்கு 310, மதியம் 240. என் காசை வாங்கிட்டு நீங்க என்னதான் பண்றீங்க?" அவர் கேட்டது நியாயம். சோதனையிலேயே ஏற்ற இறக்கம் உண்டு என்று அன்று எனக்குத் தெரியும், ஆனால் போனில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பனிக்காலத்தில் ஆராய்ச்சி மனுக்கள் வந்தபோது ஆணையர்கள் விளைச்சலைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ரகம் உருவாக்கும் பேராசிரியரிடம் முதல் கேள்வியே, "இது கதிரில் நிற்கும்போது வெயில் மாறினால் எண் விழுமா?" என்பதுதான். பணமும் அந்தப் பக்கம் திரும்பியது. படித்தவர்கள் நிறைந்த ஒரு குழு இவ்வளவு சீக்கிரம் திரும்பியிருக்காது என்பது என் எண்ணம்.

அடுத்த ஆகஸ்டில் போனில் திட்டிய அதே ஆளிடமிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. உள்ளே இரண்டு கை மணி, ஒரு துண்டுச் சீட்டில் "அறுக்கலாமா?" எங்களிடம் அந்த மெஷினே கிடையாது. பரிசோதனைக் கூடத்துக்கு நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 340.